முகப்புத்திரையும் உடைமையும்
கைத்தொலைபேசி முகப்பை மாற்றியமைத்தலும் மட்டுப்படுத்தலும் பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் கைத்தொலைபேசியின் முகப்புத்திரையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பினைத் தரலாம். ஆயின், நூலொன்றினை அணுகும்போது அதிற் கூறப்படும் பொருளை மாத்திரமன்றி, அப்பொருள் எவ்வொழுங்கில் வைக்கப்பட்டுள்ளது, எது முன்னிற்கிறது, எது மறைக்கப்படுகிறது, வாசகர் எவ்வழியால் உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார் என்பனவற்றையும் நோக்கப் பழகியவர்கள் நாம். பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்த மரபு எம்முடையது. கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் பன்முறை காணும் ஒரு பக்கத்தின் அமைப்பினைப் பொறியியலாளருக்குரிய விடயம் என ஒதுக்கிவிடுதல் அம்மரபுக்குப் பொருந்தாது. உற்பத்திச் சாதனங்கள் யாருடைய கையில் உள்ளன என்ற வினாவிலிருந்து தொடங்கும் மார்க்சிய நோக்கிற்கும் அது பொருந்தாது.

இக்குறிப்புகளை எழுதத் தூண்டியது ஒரு சிறு சம்பவம். எனது ஊருக்கு அண்மையிலுள்ள வாசிகசாலையொன்றிற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நிறுவனமொன்று பன்னிரண்டு பலகைக் கணினிகளை அன்பளிப்புச் செய்திருந்தது. அவற்றுள் எதனை இயக்கினாலும் அந்நிறுவனத்தின் இலச்சினையும் அதன் கீழே நான்கு செயலிகளின் சின்னங்களும் தோன்றும், வேறெதுவும் தோன்றாது. முகப்பு விசையை அழுத்தினாலும் அதே பக்கந்தான். திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் இழுத்தாலும் எதுவும் இறங்கி வராது. காலப்போக்கில் அந்நிறுவனத்தின் செயற்றிட்டம் முடிவடைந்தது. நான்கு செயலிகளுள் மூன்று தமது சேவையகங்களை இழந்து வெற்றுப் பக்கங்களைக் காட்டலாயின. தமிழ் அகராதியொன்றை அவற்றில் இட்டுத் தருமாறு நூலகர் என்னைக் கேட்டார். கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இரண்டு வார இறுதிகளை அங்கு கழித்தேன். அகராதியை இட முடியவில்லை. அன்பளிப்புப் பத்திரத்தில் வாசிகசாலையே உரிமையாளர் என எழுதிக் கையொப்பமிடப்பட்டிருந்தது. கருவியினுள்ளே உரிமையாளர் வேறொருவராக இருந்தார். அது எங்ஙனம் நேர்ந்தது என்பதை விளக்க முற்படுவதே இக்கட்டுரை.

முகப்புத்திரை என்ற கருத்து எங்கிருந்து வந்தது என்பதை முதலிற் சுருக்கமாக நோக்கலாம். 1981இல் செரொக்ஸ் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 'ஸ்ரார்' கணினியிலும், 1984இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மக்கின்ரொஷ் கணினியிலும், திரை ஓர் எழுதுமேசையாக உருவகிக்கப்பட்டது. கோப்பு, கோப்புறை என அதிற் காணப்பட்டவை யாவும் காரியாலயத்துப் பொருட்களே. கைத்தொலைபேசிக்கு வந்தபோது மேசை மறைந்து வீடு வந்தது. ஆங்கிலத்தில் அப்பக்கத்திற்கு வழங்கும் பெயர் வீட்டுத்திரை என்றே பொருள்படும். இச்சொல் மாற்றம் அற்பமானதன்று. காரியாலய மேசை யாருடையது என்பதில் எழுதுவினைஞருக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. வீடு என்ற சொல்லோ அது தன்னில் வாழ்பவருக்கே உரியது என்ற எண்ணத்தைக் கேளாமலே தந்துவிடுகிறது. வாடகை வீடும் வீடு என்றே அழைக்கப்படுகின்றது என்பதை நாம் அவ்வேளையில் நினைப்பதில்லை.

2007இல் வெளிவந்த ஐபோனில் முகப்பு ஒரு கட்டச் சட்டகமாக அமைந்தது. அதன் ஒழுங்கு அப்பிள் நிறுவனத்தினாலேயே வகுக்கப்பட்டது. பயனாளர் சின்னங்களை இடம் மாற்றலாம். முகப்பையே கழற்றி வேறொன்றைப் பொருத்த முடியாது. சிறு தகவற் பெட்டிகளை முகப்பில் வைக்கும் வசதி 2020இலும், சின்னங்களை விரும்பிய இடத்தில் இடைவெளி விட்டு வைக்கும் வசதி 2024இலும் வழங்கப்பட்டன. பதினேழு ஆண்டுகளின் பின்னர் கிடைத்த இச்சலுகை புதுமையென விளம்பரம் செய்யப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அண்ட்ரொயிட் பணிசெயல் முறைமையின் வழி வேறு. 2003இல் கலிபோர்னியாவின் பாலோ அல்ரோ நகரில் தொடங்கப்பட்ட ஒரு சிறு கொம்பனியை 2005இல் கூகிள் வாங்கியது. 2008இல் அம்முறைமையைக் கொண்ட முதற் கைத்தொலைபேசி விற்பனைக்கு வந்தது. இதன் அமைப்பில் முகப்புத்திரை பணிசெயல் முறைமையின் பிரிக்கவியலாத உறுப்பன்று. கடிதம் எழுதும் செயலியைப் போலவோ, மணி காட்டும் செயலியைப் போலவோ அதுவும் ஒரு செயலியே. ஒவ்வொரு செயலியுடனும் ஓர் அறிவிப்புக் கோப்பு இணைந்திருக்கும். அச்செயலி எவ்வெவ் வேண்டுகோள்களை ஏற்கத் தயாராயுள்ளது என்பதை அக்கோப்பு முறைமைக்குத் தெரிவிக்கும். 'முகப்பு' என்னும் வகைக்குரிய வேண்டுகோளை நான் ஏற்பேன் என்று இரண்டு மூன்று வரிகளில் அறிவித்துவிட்டால் எந்தச் செயலியும் முகப்பாக நிற்கத் தகுதி பெற்றுவிடும். அதன்பின் பயனாளர் முகப்பு விசையை அழுத்தும்போது, இரண்டு முகப்புகள் உள்ளன, எதனைக் கொள்வது, இம்முறை மட்டுமா, எப்போதுமா என முறைமை அவரையே வினவும். 2019இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலிருந்து இது ஒரு பதவியாகவே கருதப்பட்டு, முகப்புப் பதவியை எச்செயலிக்கு வழங்குவது எனப் பயனாளர் தெரிவு செய்யும் முறை வந்தது.

இத்தகைய முகப்புச் செயலியை ஆக்குவது பெரும் வித்தையன்று. கருவியில் நிறுவப்பட்டுள்ள செயலிகளுள் பயனாளரால் திறக்கத்தக்கவை எவை என முறைமையிடம் கேட்டறிதல், அவற்றின் பெயரையும் சின்னத்தையும் திரையில் வரிசைப்படுத்தல், ஒன்றைத் தொட்டதும் அதனைத் திறத்தல் ஆகிய மூன்று வேலைகளே அதன் கரு. அவ்வரிசையில் எல்லாவற்றையும் காட்டுவதா, நான்கினை மட்டும் காட்டுவதா என்பது நிரலாக்குநரின் விருப்பம். கண்பார்வை மங்கிய முதியவருக்கு மூன்று பெரிய சின்னங்களை மட்டும் காட்டும் முகப்பும், சின்னமே இல்லாது எழுத்துக்களால் தேடித் திறக்கும் முகப்பும் இவ்வாறு தோன்றியவையே. பின்னையது போன்றவற்றுள் சில மூல நிரலைப் பகிரங்கமாக வைத்து, இலவசமாக வழங்கப்படுகின்றன. 2020இல் வந்த பதினோராம் பதிப்பு, செயலியொன்று ஏனைய செயலிகளின் பட்டியலைக் கேட்டறிவதற்கு முன்கூட்டிய அறிவிப்பினை வேண்டியது, அவ்வேண்டுதல் நியாயமானதே. ஒருவரின் கைத்தொலைபேசியில் எவ்வெச் செயலிகள் உள்ளன என்ற பட்டியல், அவரது மதம், நோய், அரசியல், கடன் ஆகியவற்றை ஊகிக்கப் போதுமானது.

இவ்விடத்திற் பலர் நின்றுவிடுவர். முகப்பை மாற்றலாம், ஆகவே பயனாளர் சுதந்திரமானவர் என்பது அவர்களின் முடிபு. மாற்றத்தக்கது என்பது ஒரு சாத்தியப்பாடு மாத்திரமே. அச்சாத்தியப்பாட்டினை யார், எவ்வளவு மூலதனத்துடன், எந்நோக்கிற்காகப் பயன்படுத்துகிறார் என்பதை வரலாறே காட்டும்.

2013 ஏப்ரிலில் பேஸ்புக் நிறுவனம் தனது சொந்த முகப்பினை வெளியிட்டது. அதனை நிறுவிய கருவியிற் திரை ஒளிர்ந்ததும் தோன்றுவன நண்பர்களின் படங்களும் செய்திகளுமே. ஏனைய செயலிகள் யாவும் அவற்றின் பின்னே தள்ளப்பட்டிருந்தன. எச்.ரி.சி. நிறுவனம் இம்முகப்புடனேயே ஒரு கைத்தொலைபேசியை ஆக்கியது, அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் ஈராண்டு ஒப்பந்தத்துடன் அதனை ஏறத்தாழ 99 டொலருக்கு விற்கத் தொடங்கியது. ஒரு மாதம் கழிவதற்குள் அதன் விலை 99 சதமாகக் குறைக்கப்பட்டது. மக்கள் அதனை விரும்பவில்லை. ஆயின் இத்தோல்வியிலும் பார்க்க முயற்சியே எமது கவனத்திற்குரியது. முகப்பு திறந்திருந்தபோது முதலில் உள்ளே புகமுயன்றவர்களுள், தன் பாட்டனாருக்குப் பெரிய சின்னம் செய்து கொடுக்க விரும்பிய மாணவர் மட்டும் இருக்கவில்லை. உலகின் மிகப் பெரிய விளம்பரக் கொம்பனிகளுள் ஒன்றும் இருந்தது.

நோவா லோஞ்சர் என்ற முகப்பின் கதை இன்னும் துலக்கமானது. 2011இல் வெளிவந்த இச்செயலி, முகப்பின் ஒவ்வோர் அங்கத்தையும் பயனாளர் தம் விருப்பப்படி மாற்ற இடமளித்தமையாற் பெரும் செல்வாக்குப் பெற்றது. சிறியதொரு குழுவின் உழைப்பு அது. 2022இல், செயலிகளினூடாகப் பயனாளரின் போக்குவரத்தைத் தொடர்ந்து அளவிடும் தொழிலிலுள்ள பிராஞ்ச் என்னும் கொம்பனி அதனை வாங்கியது. 2024இல் அக்குழுவினருட் பெரும்பாலானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 2025இல் அதனை முதன்முதலில் உருவாக்கியவரும் விலகினார். பயனாளரின் சுதந்திரத்திற்கென ஆக்கப்பட்ட முகப்பே பயனாளரின் நடத்தையை விலைபேசும் கொம்பனிக்கு ஏற்ற பண்டமாயிற்று. இதிலே தனிமனிதரின் நன்மை தீமைகளைத் தேடுவது பயனற்றது. எல்லாச் செயலிகளுக்கும் வாயிலாக நிற்கும் செயலி, எது எப்போது எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை அறியும் இடத்தில் நிற்கிறது. அந்த இடத்திற்கே விலை.

'இடம்' என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே கையாளுகின்றேன். 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த மூலதனத்தின் மூன்றாம் தொகுதியில், வேறுபாட்டு நிலவாடகைக்கு இரு பொதுக் காரணங்களை மார்க்ஸ் எடுத்துக் கூறுவார். ஒன்று மண்ணின் வளம்; மற்றையது காணியின் அமைவிடம். சந்தைக்கு அண்மையிலுள்ள காணியின் உடைமையாளர், தாம் எதனையும் விளைவிக்காமலே மிகையானதொரு பங்கினைப் பெறுகின்றார். முகப்பின் முதற் பக்கமும் அவ்வாறான காணியே. அதன் பரப்பு மட்டானது. உழைப்பினால் அதனைப் பெருக்க முடியாது. அங்கு வைக்கப்படும் சின்னம் தொடப்படும், மூன்றாம் பக்கத்திலுள்ள சின்னம் மறக்கப்படும். இதனைக் கோட்பாட்டாளர் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கொம்பனிகளின் ஒப்பந்தங்களிலேயே அது எழுதப்பட்டிருந்தது. கைத்தொலைபேசி உற்பத்தியாளருடன் கூகிள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் சில வழக்கொன்றின் வாயிலாகப் பின்னர் வெளிவந்தன. கூகிளின் தேடற்பெட்டியும் செயலிச் சந்தையின் சின்னமும் முதன் முகப்பிற்கு ஆகக் கூடியது அடுத்த பக்கத்திலாவது வைக்கப்படல் வேண்டும் என அவற்றில் இட எல்லை குறிக்கப்பட்டிருந்தது. காணி உறுதியில் எல்லை குறிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

செயலிச் சந்தைக்கான அனுமதியைப் பெறவேண்டுமாயின் தேடற் செயலியையும் உலாவியையும் முன்கூட்டியே நிறுவவேண்டும் என்ற நிபந்தனை உட்படப் பல நடைமுறைகளுக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2018 யூலையில் கூகிளுக்கு 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022 செப்ரெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பினைப் பெரும்பாலும் உறுதிசெய்து, தொகையை 412.5 கோடியாகக் குறைத்தது. அமெரிக்காவில் நடந்த வழக்கில் வெளிவந்த மற்றொரு தொகையும் நோக்கற்பாலது. அப்பிளின் உலாவியில் இயல்பான தேடற்பொறியாக இருப்பதற்காக 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகிள் அப்பிளுக்குச் செலுத்தியது 2,000 கோடி டொலர். அப்பிள் அதற்காக எதனையும் உற்பத்தி செய்யவில்லை. வழியில் ஓர் இடத்தைக் கொடுத்தது. இதனைவிடத் தூய்மையானதொரு வாடகையை மூன்றாம் தொகுதியிலும் காண்பது அரிது.

இனி மட்டுப்படுத்தலுக்கு வருவோம். முகப்பினை மாற்றும் நிரலும் முகப்பிற்குள் ஒருவரை அடைக்கும் நிரலும் தொடக்கத்தில் ஒன்றே. நான்கு செயலிகளை மட்டும் காட்டும் முகப்பை எழுதிவிட்டால் ஏனையவை மறைந்துவிடும். ஆயின் மறைந்தவை ஒழிந்தவையல்ல. மேலிருந்து இழுத்தால் அறிவித்தற் பகுதி இறங்கி வரும். அதன் வழியாக அமைப்புகள் பக்கத்திற்குச் செல்லலாம். அண்மையிற் பயன்படுத்திய செயலிகளின் வரிசையைத் திறக்கலாம். காட்டப்பட்ட நான்கினுள் ஒன்றிலுள்ள இணைப்பைத் தொட்டு உலாவிக்குள் நுழையலாம். பாதுகாப்பு நிலையில் கருவியை மீள இயக்கினால் வெளியார் எழுதிய முகப்பு எழுந்திராது. கருவியுடன் வந்த முகப்பே தோன்றும்.

இவ்வோட்டைகளை அடைக்க நிரலாக்குநர் செய்த உபாயங்கள் ஒரு தனிக் கதை. அறிவித்தற் பகுதிக்கு மேலே கண்ணுக்குப் புலப்படாத ஒரு பலகையை விரித்து விரல் படாமற் தடுத்தனர். அப்பகுதி இறங்க முற்படும்போதெல்லாம் அதனை மூடும்படி முறைமைக்குக் கட்டளை அனுப்பினர். 2017இல் வந்த எட்டாம் பதிப்பு முதலாவதையும் 2021இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு இரண்டாவதையும் பெருமளவு தடைசெய்தன. ஒன்றுமட்டும் தொடக்கத்திலிருந்தே எவராலும் செய்ய முடியாதிருந்தது. ஏனைய விசைகளின் அழுத்தத்தைச் செயலிகள் பெற்றுக்கொள்ளலாம். முகப்பு விசையின் அழுத்தம் எந்தச் செயலிக்கும் கொடுக்கப்படுவதில்லை. அதனை முறைமையே எடுத்துக்கொள்ளும். எந்தச் செயலியும் பயனாளரைத் தன்னுள் சிறைவைக்கலாகாது, வெளியேறும் கதவொன்று எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்ற கொள்கை அவ்வமைப்பினுள் உறைந்திருந்தது. பொறியியலில் உறைந்துள்ள இத்தகைய கொள்கைகளை வாசிக்க நாம் பழகிக்கொள்ளல் வேண்டும். அவை சட்டங்களைப் போன்றவை. எழுதப்பட்டவை, ஆகவே திருத்தப்படத்தக்கவை.

2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் அத்திருத்தம் வந்தது. செயலிப் பூட்டு நிலை என நாம் அழைக்கத்தக்க ஓர் ஏற்பாடு அதிற் சேர்க்கப்பட்டது. இதற்கு இரு படிகள் உண்டு. சாதாரண பயனாளர் ஒருவர் தம் கருவியைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது ஒரு செயலியைத் திரையோடு பொருத்திவிடலாம். குறித்த இரு விசைகளை ஒருங்கே அழுத்திப் பிடித்தால் அது விடுபடும். இது தாழ்ப்பாள், பூட்டன்று. இரண்டாவது படியிலே முகப்பு விசை செயலற்றுப் போகும். அண்மைச் செயலிகளின் வரிசை இராது. அறிவித்தற் பகுதி இறங்காது. அனுமதிப் பட்டியலிலுள்ள செயலிகள் அன்றி வேறெதுவும் திறவாது. 2018இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, இவற்றுள் எதனைத் திறந்துவிடுவது, எதனை மூடிவைப்பது என ஒவ்வொன்றாகத் தீர்மானிக்கும் வசதியைத் தந்தது. கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவதையும் பாதுகாப்பு நிலையில் இயக்குவதையும் கூடத் தடைசெய்யலாம். எல்லாச் செயலிகளுக்கும் மறுக்கப்பட்டிருந்த அந்தக் கதவின் திறவுகோல் இப்போது ஒரேயொரு செயலிக்கு வழங்கப்படுகிறது. அச்செயலிக்கு அண்ட்ரொயிட் இட்டிருக்கும் பெயர் 'சாதன உரிமையாளர்' என்பதாகும்.

இப்பெயரைச் சிறிது நிதானித்து நோக்குவது நன்று. சாதன உரிமையாளர் என்பது கடையிற் பணம் கொடுத்து வாங்கியவரைக் குறிப்பதன்று. கையில் வைத்திருப்பவரையும் குறிப்பதன்று. மனிதர் எவரையுமே குறிப்பதன்று. அது ஒரு நிரலைக் குறிக்கின்றது. இந்நிரல் உரிமையாளரா என வினவுவதற்கான கட்டளையே முறைமையில் உண்டு. மனிதரிடையேயான உறவு பொருட்களிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதைப் பற்றி முதலாம் தொகுதியிற் படித்திருக்கிறோம். இங்கு அத்தோற்றத்திற்கு மறைப்பே இல்லை. உடைமை என்ற சமூக உறவு ஒரு மென்பொருட் பொதியின் பண்பாக எழுதப்பட்டு, அதனை எழுதியவர்களால் இயல்பானதொரு கலைச்சொல்லாகவே கையாளப்படுகிறது.

உரிமையாளர் எப்போது நியமிக்கப்படுகிறார் என்பது மேலும் கருதத்தக்கது. பயனாளர் எவரும் தம் கணக்கை அமைப்பதற்கு முன்னர், கருவி முதன்முதலாக இயக்கப்படும் வேளையிலேயே அந்நியமனம் நிகழவேண்டும். வரவேற்புத் திரையின் ஒரே இடத்தை ஆறு முறை தொட்டால் கருவி ஒரு கியூ.ஆர். குறியீட்டைக் கேட்கும், அக்குறியீட்டை வாசித்ததும் உரிமையாளர் செயலி இறங்கிப் பதவியேற்கும். அல்லது கணினியொன்றுடன் வடத்தால் இணைத்து ஒரு வரிக் கட்டளையால் இதனைச் செய்யலாம். பெருந்தொகையாக வாங்குவோருக்கு மூன்றாவது வழியொன்றும் உண்டு. கருவியின் இலக்கங்கள் விற்பனையின்போதே ஒரு பதிவேட்டில் ஏற்றப்படும். அக்கருவி எங்கு எப்போது முதன்முறை இணையத்துடன் இணைந்தாலும், தான் யாருக்குரியது என அப்பதிவேட்டைக் கேட்டறிந்து, அவர்களது செயலியைத் தானே வரவழைத்துக்கொள்ளும். வாசிகசாலையில் எமக்கு நேர்ந்தது இதுவே. மாணவர் கருவியொன்றை முற்றாக அழித்து மீள இயக்குவதில் வெற்றிபெற்றார். வெற்றி கால் மணித்தியாலம் நீடித்தது. இணையத்துடன் இணைந்த மறுகணம், இக்கருவி உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்ற வாசகமும் அதன்பின் அதே இலச்சினையும் தோன்றின. செயலிகளின் சேவையகங்கள் நின்றுபோயிருந்தன. பூட்டும் சேவை நிற்கவில்லை.

அப்பிளிடம் முகப்பை மாற்றும் சுதந்திரம் இல்லை என்று கண்டோம். பூட்டும் வசதி அங்கும் உண்டு. 2012 முதல் பயனாளர் ஒரு செயலிக்குள் கருவியை நிறுத்திவைக்கலாம். நிறுவனங்கள் தமது மேற்பார்வையிலுள்ள கருவிகளை ஒரே செயலிக்கு நிரந்தரமாகவே கட்டிவிடலாம். ஒன்று திறந்த முறைமை, மற்றையது மூடிய முறைமை என்று தொழினுட்பப் பத்திரிகைகள் ஓயாது வாதிடும் இவ்விரண்டும், வாங்கும் நிறுவனத்திற்கு வேண்டியதை வழங்குவதில் ஒத்தே நடக்கின்றன.

வேலைத்தலங்களில் இதன் பயன் பலதரப்பட்டது. கொள்ளளவு எண்ணும் தொழிலாளியின் கையிலும், பொதி விநியோகிப்பவரின் கையிலும், கட்டணம் வாங்கும் மேசையிலும் உள்ள கருவிகள் இவ்வாறு பூட்டப்பட்டவையே. அவை தொழிற்கருவிகள், கொம்பனியின் சொத்து. அவற்றைப் பற்றிக் கூறுவதற்கு அதிகமில்லை. சிக்கலானது, தொழிலாளியின் சொந்தக் கைத்தொலைபேசி பாதி கொம்பனிக்கும் பாதி தமக்குமாகப் பிரியும் நிலை. இதற்கென 'வேலைப் பகுதி' என்ற ஏற்பாடு அதே ஐந்தாம் பதிப்பில் வந்தது. வேலைச் செயலிகளின் சின்னத்தின் மூலையில் ஒரு சிறு கைப்பெட்டி பொறிக்கப்பட்டிருக்கும். அப்பகுதியில் உள்ளவற்றை வேலைகொள்வோர் அழிக்கலாம், பூட்டலாம். மறுபகுதியை அவர் பார்க்க முடியாது. 2016இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து தொழிலாளி தாமே வேலைப் பகுதியை நிறுத்திவைக்கவும் முடிந்தது. வேலைநாளின் நீளம் பற்றிய போராட்டம் ஆலைச் சங்கிலிருந்து ஒரு சிறு விசைக்கு இடம்பெயர்ந்திருப்பதை இங்கு காண்கிறோம். அவ்விசையை அழுத்துவதற்கான தொழினுட்ப உரிமை தொழிலாளிக்கு உண்டு. மாலை ஆறு மணிக்கு அதனை அழுத்தியவரின் வேலை நிலைக்குமா என்பதைத் தொழிற்சங்கமே தீர்மானிக்கும், மென்பொருள் அன்று.

கடன் கொடுப்போரும் இதே பொறியைக் கண்டுகொண்டனர். 2020இல் கென்யாவின் சபாரிகொம் நிறுவனம் கூகிளுடன் சேர்ந்து, நாளொன்றுக்கு 20 கென்ய சிலிங் செலுத்தி அண்ட்ரொயிட் கைத்தொலைபேசி பெறும் திட்டமொன்றைத் தொடங்கியது. அதே நாட்டின் எம்-கோபா நிறுவனமும் நாட்தவணையிற் கைத்தொலைபேசிகளை வழங்குகிறது. தவணை தவறினால் கருவி பூட்டப்படும், செலுத்தினால் திறக்கும். வங்கிகள் திரும்பியும் பாராத ஏழை மக்களுக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு என்பதை மறுப்பதற்கில்லை. அக்கைத்தொலைபேசியாலேயே அவர்கள் தொழில் செய்து பணம் பெறுகின்றனர். ஆகவே பூட்டு விழும்போது கடனைத் தீர்க்கும் வழியும் உடன் மூடிவிடுகிறது. எமது மலையகத் தோட்ட வரலாற்றை அறிந்தவருக்குத் 'துண்டு' முறை நினைவுக்கு வராதிராது. கடனைக் குறித்த துண்டு இன்றித் தொழிலாளி மற்றொரு தோட்டத்திற் சேர முடியாதென்ற அம்முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டு ஆளைக் கட்டியது. பூட்டு கருவியைக் கட்டுகிறது. வேறுபாடு சிறிதன்று எனினும், கங்காணி தோட்டத்துக்கு நடந்து வரவேண்டியிருந்தது என்பதும் வேறுபாடே.

இவற்றைக் கொண்டு மட்டுப்படுத்தலே தீயது என முடிவு கட்டுவதும் தவறாகும். பரீட்சை மண்டபத்திலோ பொது இடத்திலோ வைக்கப்படும் கருவி மட்டுப்படுத்தப்படல் வேண்டும். பூட்டு இருக்கிறதா என்பதன்று வினா. அனுமதிப் பட்டியலை எழுதுபவர் யார், திறவுகோல் எங்கே, அவரைப் பதவிநீக்க முடியுமா என்பனவே வினாக்கள். தாமே எழுதிய செயலியைத் தம் அயலவருக்குக் கொடுக்கும் உரிமையும் இதனுள் அடங்கும். தம்மிடம் அடையாளத்தைப் பதிவுசெய்யாத நிரலாக்குநரின் செயலிகள் சான்றளிக்கப்பட்ட அண்ட்ரொயிட் கருவிகளில் வழமைபோல் நிறுவப்பட மாட்டா என்றும், அது 2026இற் சில நாடுகளில் தொடங்கும் என்றும் கூகிள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அனுபவமுள்ள பயனாளருக்குச் சில விலக்குகள் வழங்கப்படும் எனவும் கூறியது. முகப்பு இன்னும் மாற்றத்தக்கதே. மாற்றுபவர் முதலில் வாயிலிற் பெயர் எழுதவேண்டும்.

வாசிகசாலைக்கு மீள்வோம். அன்பளிப்புச் செய்த நிறுவனத்துக்கு நூலகர் மூன்று கடிதங்கள் எழுதினார். பதிவேட்டிலிருந்து கருவிகளை நீக்குவதற்கு அதிகாரமுடையவர் இப்போது அங்கு இல்லை என ஒரு பதில் வந்தது. பன்னிரண்டும் அலுமாரியில் இருக்கின்றன. வாசகர் வட்டம் பணம் சேர்த்து இரண்டு புதிய பலகைக் கணினிகளை வாங்கியது. மாணவர் அவற்றிற்கென ஒரு சிறு முகப்பினை எழுதினார். அகராதி, நூற்பட்டியல், பழைய சஞ்சிகைகளின் மின்படிகள், கணிப்பான் என ஐந்தாறு சின்னங்களே அதில் உள்ளன. கருவிகளை முதன்முறை இயக்கியபோதே தமது மடிக்கணினியுடன் இணைத்து, அம்முகப்பினையே சாதன உரிமையாளராகவும் நியமித்தார். அதாவது, இவையும் பூட்டப்பட்டவையே.

பூட்டைத் திறக்கும் இலக்கத்தை யார் வைத்திருப்பது என்பதில் நிருவாகக் குழுக் கூட்டத்தில் ஒரு மணித்தியாலத்திற்கு மேல் விவாதம் நடந்தது. மாணவரிடமே இருக்கட்டும் என்றார் தலைவர். மாணவர் மறுத்துவிட்டார். ஈற்றில் அவ்விலக்கம் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட்டு, எந்தெந்தச் செயலிகள் முகப்பில் இருக்கவேண்டும் என்பது ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் நிகழ்ச்சி நிரலின் ஓர் அம்சமாகச் சேர்க்கப்பட்டது. கடந்த கூட்டத்தில் கணிப்பானை நீக்கிச் சதுரங்கத்தைச் சேர்க்குமாறு பாடசாலைப் பிள்ளைகள் இருவர் பிரேரித்தனர். சதுரங்கம் சேர்க்கப்பட்டது, கணிப்பானை நீக்கும் பிரேரணை ஒரு வாக்கினால் தோற்றது.